பட்டாசலில் குளம் கட்டும் நாய்! அடித்து விரட்டுவதா, பழக்கி வளர்ப்பதா?

விடிகாலை மணி நாலரை.

பால்காரர் இன்னும் வரவில்லை. கோலம் போட எழுந்த அம்மா பட்டாசலில் கால் வைத்தார். "சதக்" என்றது.

விளக்கைப் போட்டார். பீரோ ஓரத்தில் ஒரு குளம். டி.வி. ஸ்டாண்டு அருகே இன்னொரு குளம். இரண்டுக்கும் நடுவே, சாப்பிடும் நேரத்தில் சொல்லக்கூடாத மற்றொன்று!

"என்னங்க, எந்திரிங்க! உங்க நாய் செஞ்சு வச்சிருக்க காரியத்தைப் பாருங்க!"

முந்தின நாள்வரை அது "நம்ம நாய்". அன்று காலை முதல் "உங்க நாய்"!

நாய் எங்கே? தார்சா மூலையில், செருப்புக் குவியலுக்குப் பின்னால், வாலைக் கவட்டுக்குள் செருகிக்கொண்டு சுருண்டு கிடந்தது.

தெரு எது, கதவு எண் என்ன என்று கேட்க வேண்டாம். பாளையங்கோட்டையாக இருக்கலாம். பேட்டையாக இருக்கலாம். மேலப்பாளையம், தாழையூத்து, நெல்லை டவுன், எந்த ஊர்ப் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். தெருவில் கிடந்த நாயை இரக்கப்பட்டுத் தூக்கி வந்த எந்த வீட்டுக்கும் பொருந்துகிற கதை இது.

வீட்டுக்காரர் ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்வோம். பஸ் நிலையம் பக்கம் டீக்கடை ஓரத்தில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த நாய். ஒரு பன் வாங்கிப் போட்டார். அது பின்னாலேயே வந்தது. பையன் "ராக்கி" என்று பெயர் வைத்தான். ஆச்சி "மணி" என்று கூப்பிட்டார். நாய் ஆச்சி வைத்த பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தது.

மூன்றே நாள். அதே ஆச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"எடுத்த எடத்துலயே கொண்டு விட்டுட்டு வாய்யா. ரோட்டுல கெடந்த சீவனுக்கு வீடு எது வாசல் எதுன்னு தெரியுமா?"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் ஆச்சி சொன்னதில் பாதி சத்தியம். மணிக்கு வீடு எது, வாசல் எது என்று தெரியாது. தெரியாததைச் சொல்லிக் கொடுத்தால் தெரிந்துகொள்ளும். அந்த மறுபாதியைத்தான் ஆச்சி விட்டுவிட்டார்.

ஆட்டோ கூப்பிடும் முன்!

"கொண்டு விட்டுவிடலாம்" என்பது வாயால் சொல்ல லேசு. விட்டால் என்ன ஆகும்?

தெருநாய்களுக்கு எல்லை உண்டு. ஒரு நாய் ஒரு வாரம் இல்லாவிட்டால் அதன் இடத்தில் வேறு நாய் வந்துவிடும். திரும்பிப் போகிற நாய்க்குக் கடிதான் கிடைக்கும். புது இடத்தில் விட்டாலோ, வழி தெரியாமல் நாற்கால் பாய்ச்சலில் ரோட்டைக் கடக்கும். மீதியை லாரி பார்த்துக்கொள்ளும்.

சட்டமும் இருக்கிறது. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு. பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் தடவை 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை!  மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 100 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

சுப்ரீம் கோர்ட்டும் பேசியிருக்கிறது. டெல்லி தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்டு 22-ல் வந்த உத்தரவில், விரும்புகிறவர்கள் மனுக் கொடுத்துத் தெருநாயைத் தத்து எடுக்கலாம் என்று சொன்னது. எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்றும் கூடவே சொல்லிவிட்டது.

அதே ஆண்டு நவம்பர் 7-ல் இன்னொரு உத்தரவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் ஆகிய இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காப்பகத்தில் வைக்க வேண்டும். பிடித்த இடத்தில் திரும்ப விடக்கூடாது.

ஆக, ஆச்சி சொன்ன "எடுத்த எடம்" இனி மணிக்குக் கிடையாது. பட்டாசல் உண்டு, அல்லது ஒன்றும் இல்லை.

முதல் குற்றவாளி யார்?

நாய் வந்த அன்று ராத்திரி அந்த வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

அம்மா ஒரு கிண்ணம் பால் வைத்தார். பையன் தன் பங்குக்குப் பிஸ்கட் கொடுத்தான். சின்னப் பெண், விருந்தாளிக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று, பிரிட்ஜில் இருந்த அல்வாவில் ஒரு துண்டு எடுத்து நீட்டினாள். நெல்லைக்கு வந்த விருந்தாளி அல்வா சாப்பிடாமல் இருப்பதா?

விடிந்தால் வயிற்றுப்போக்கு!

வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பாலில் உள்ள சர்க்கரையைப் பிரிக்கிற சக்தி குட்டிப் பருவத்தோடு குறைந்துவிடும். அதன் மேல் நெய்யும் சீனியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குப்பைத்தொட்டியில் தின்று பழகிய வயிறு எதையும் தாங்கும் என்பது தப்புக் கணக்கு. சாப்பாடு திடீரென்று மாறினால் தெருநாய்க்கும் வயிறு கெடும்.

முதல் நாட்களில் குழைந்த சோறு, உப்பு மசாலா இல்லாமல் அவித்த கோழி கொஞ்சம், போதும். வெங்காயம், சாக்லேட், திராட்சை, உலர்ந்த திராட்சை நாய்க்கு விஷம். பாயசத்தில் கிடக்கும் கிஸ்மிஸ் உட்பட.

ஆக, நடுக்கூடத்தில் நடந்த இரண்டாவது காரியத்துக்கு நாய் குற்றவாளி அல்ல. விருந்து வைத்தவர்கள்தான்!

கரண்டியோடு ஓடிய குமாஸ்தா

வயிறு சரியானது. ஆனால் ஒன்றுக்குப் போவது நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டு தடவை.

இந்த இடத்தில் பலர் பிரம்பை எடுப்பார்கள். எடுக்க வேண்டியது பிரம்பு அல்ல, ஒரு சுத்தமான பழைய கரண்டி! விடிந்ததும் நாய் முதலில் போகும்போது அதில் கொஞ்சம் பிடித்து, மூடிபோட்ட டப்பாவில் ஊற்றி, கால்நடை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரண்டியும் கையுமாக நாய்க்குப் பின்னால் ஓடும் குமாஸ்தாவைப் பார்த்து எதிர்வீட்டு மைனி சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மூத்திரப் பையில் கிருமி, கல், சர்க்கரை வியாதி, கிட்னிக் கோளாறு, இவற்றில் எது இருந்தாலும் நாயால் அடக்க முடியாது. நோயோடு இருக்கும் நாயைப் பழக்க முயல்வது, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை வாய்ப்பாடு சொல்லச் சொல்வது போலத்தான்.

பெட்டை நாய் தூங்கி எழுந்த இடம் ஈரமாக இருக்கிறதா? கருத்தடை செய்த சில பெட்டைகளுக்குத் தூக்கத்தில் தானாகக் கசியும். அதற்கே தெரியாது. மருந்தில் கட்டுப்படும்.

நெல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஊர்களில் அரசு கால்நடை ஆஸ்பத்திரிகளும் உண்டு. போகிற போக்கில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் போட்டுக்கொண்டு, பூச்சி மருந்தையும் வாங்கி வந்துவிட வேண்டும்.

இன்னொரு சங்கதி. எலிக்காய்ச்சல் கிருமி எலி மூத்திரத்தில் மட்டும் அல்ல, நோய் தாக்கிய நாயின் மூத்திரத்திலும் வரும். மனிதனுக்கும் தொற்றும். சுத்தம் செய்கிறவர் கையில் உறை, அல்லது ஒரு பிளாஸ்டிக் பையாவது போட்டுக்கொண்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிள்ளைகளை அந்த வேலைக்கு விடக்கூடாது. நாய்க்கு இதற்கும் தடுப்பூசி உண்டு.

தண்ணீரைக் குறைத்தால் மூத்திரமும் குறையும் என்று சிலர் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள். நெல்லை வெயிலில் அது கொலைக்குச் சமம்.

வெள்ளம் கண்ட நாய்

"நோய் ஒன்றும் இல்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு ஏன்?

பயம்!

1924-ம் ஆண்டு செப்டம்பர் 23. ரஷ்யாவில் லெனின்கிராடு நகரம். நேவா நதியில் பெருவெள்ளம். பாவ்லோவ் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சி நாய்கள் கூண்டுக்குள் சிக்கிக்கொண்டன. பாவ்லோவ் யார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சாப்பாட்டுக்கு முன் ஓசை எழுப்பி எழுப்பிப் பழக்கினால், பிறகு ஓசையைக் கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டியவர். 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர்.

தண்ணீர் கூண்டின் மேல்பகுதி வரை ஏறிவிட்டது. நாய்கள் மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நீந்தின. வேலைக்காரர்கள் வந்து அவற்றைத் தண்ணீருக்குள் அமுக்கி, கீழே இருந்த கதவு வழியாக இழுத்துக் காப்பாற்றினார்கள்.

உயிர் பிழைத்தது சரி. அதன் பிறகுதான் அதிசயம். மாதக்கணக்கில் பழகிய பழக்கத்தைச் சில நாய்கள் அடியோடு மறந்துவிட்டன! கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பழக்கிய பின்பும், கதவுக்கு அடியில் தண்ணீரைக் கசியவிட்டதும் ஒரு நாய் மறுபடி நிலைகுலைந்து போனது.

எங்கேயோ ரஷ்யாவில் நடந்தது நமக்கு எதற்கு என்கிறீர்களா? 2023 டிசம்பர் 17, 18-ஐ நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை புரண்டது. ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம் எல்லாம் தண்ணீர். மனிதர்களுக்குப் படகு வந்தது. நாய்க்கு யார் படகு அனுப்புவது?

வெள்ளம் என்றில்லை. கல்லெறி, வெந்நீர், தீபாவளி வெடி, தேரோட்டக் கூட்டத்தில் மிதிபட்டது, குட்டிகளைப் பறிகொடுத்தது, எதுவாகவும் இருக்கலாம். மணிக்கு முன்பு ஒரு வீடு இருந்து, அங்கே ஒழுங்காகப் பழகியும் இருக்கலாம். பயம் அதைத் துடைத்துவிடும். அப்படிப்பட்ட நாயைப் புதிதாகப் பிறந்த குட்டி போலத்தான் ஆரம்பத்தில் இருந்து பழக்க வேண்டும்.

திருட்டு முழியா?

"தப்புன்னு அதுக்குத் தெரியும்ங்க. முழியைப் பாருங்க, திருட்டு முழி!"

அம்மா மட்டும் அல்ல, நாய் வளர்க்கும் பாதிப் பேர் இதைச் சொல்வார்கள். அமெரிக்காவில் அலெக்சாண்டிரா ஹாரோவிட்ஸ் என்ற அம்மையார் இதைச் சோதித்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டார்.

14 நாய்கள். "தின்னாதே" என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு எசமானர் வெளியே போவார். திரும்பி வந்ததும் நாய் தின்றுவிட்டது என்று அவரிடம் சொல்வார்கள். சில தடவை அது உண்மை. சில தடவை பொய். எசமானர் திட்டினால், தின்ற நாயும் திருட்டு முழி முழித்தது; தின்னாத நாயும் முழித்தது! சொல்லப்போனால் குற்றமே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் அதிகம் முழித்தன.

ஆக, அந்த முழிக்கு "தப்புப் பண்ணிட்டேன்" என்று பொருள் இல்லை. "எசமான் கோவமா இருக்கார், அடி விழப்போகுது" என்பதே பொருள்.

இதனால்தான் மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்கும் பழைய வைத்தியம் பலிப்பதில்லை. மூன்று மணிக்குப் போன ஒன்றுக்கு நாலரை மணிக்கு அடி விழுந்தால், எதற்கு அடி என்று நாய்க்குப் புரியாது. இந்த வீட்டில் விடிந்தால் அடிப்பார்கள் என்று மட்டும் புரியும். பிறகு எசமானர் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போய் இருக்கும். கூட்டிக்கொண்டு வெளியே போனாலும், பக்கத்தில் ஆள் நிற்பதால் பயந்து அடக்கிக்கொள்ளும்! உள்ளே வந்ததும் பட்டாசலில்!

பற்று வரவு நோட்டு

வழி என்ன? ஐந்து ரூபாய் பென்சிலும், எழுதி மிச்சமான ஒரு நோட்டும்.

நாய் எத்தனை மணிக்குத் தின்றது, எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு வீட்டுக்குள் போனது, எந்த இடத்தில், அப்போது வீட்டில் யார் இருந்தார்கள் என்று குறித்துக்கொண்டே வரவேண்டும். குமாஸ்தாவுக்கும் கடைக்காரருக்கும் இது கைவந்த கலை. வெளியே போனால் வரவு. உள்ளே போனால் பற்று.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி நின்றதும், ராத்திரி படுக்கப் போகும் முன்பும் கட்டாயம் புறவாசலுக்குக் கூட்டிப்போக வேண்டும். முதல் ஒரு வாரம் பகலில் இரண்டு, மூன்று மணிக்கு ஒரு தரம். வளர்ந்த நாய் ஆறு, எட்டு மணி நேரம் அடக்கும். ஆனால் புது இடத்தில் அந்தக் கணக்கு செல்லாது. குட்டியாக இருந்தால் எத்தனை மாதக் குட்டியோ, அதோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டால் அத்தனை மணி நேரம். மூன்று மாதக் குட்டிக்கு நாலு மணி நேரம். அதற்கு மேல் எதிர்பார்ப்பது அநியாயம்.

கூட்டிப்போகும் நேரத்தைக் காலை ஐந்து மணிக்கு வைப்பது நல்லது. நெல்லையில் பங்குனி, சித்திரையில் பதினொரு மணிக்கு மேல் தார்ரோட்டில் மனிதனே செருப்பில்லாமல் நிற்க முடியாது. நாய்க்குச் செருப்பு ஏது? உள்ளங்கால் வெந்துபோகும். உச்சி வெயிலில் வாசல் தாண்ட மறுக்கிற நாய் அடம்பிடிக்கவில்லை, கால் சுடுகிறது!

இடம் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும். எந்தத் தரையில் குட்டியில் பழகியதோ அந்தத் தரையைத்தான் நாய் தேடும். மண்ணில் பழகிய தெருநாய்க்கு மண். கூண்டில் சிமெண்டுத் தரையில் வளர்ந்த நாய்க்கு சிமெண்டு. அது டைல்ஸ் தரையைப் பார்த்ததும் "நம்ம கக்கூஸ் வந்துட்டு" என்றுதான் நினைக்கும்! புறவாசல் இல்லாத மாடி வீட்டில், மொட்டைமாடி மூலையில் ஒரு தட்டில் மண்ணைக் கொட்டி வைக்கலாம். ஆற்று மணல் வேண்டாம். தாமிரபரணி மணல் பட்டபாடு போதும்.

பட்டாசலைத் துடைத்த ஈரத்துணியை முதல் தடவை அந்த இடத்தில் போட்டு வைத்தால், வாடை பார்த்து நாய் விஷயத்தைப் புரிந்துகொள்ளும்.

போய் முடித்த அந்த நொடியில் பரிசு. அவித்த முட்டையில் சுண்டுவிரல் நகம் அளவு. இட்லி விள்ளல் என்றாலும் சரி. வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால் பயன் இல்லை. வீட்டுக்குள் வந்ததற்குத்தான் பரிசு என்று அது எடுத்துக்கொள்ளும். அதனால் முட்டையை மடியில் கட்டிக்கொண்டே புறவாசலுக்குப் போக வேண்டும்!

மற்ற நேரம் வீடு முழுக்கச் சுற்றவிடக் கூடாது. படுக்கிற இடத்தை நனைக்க எந்த நாயும் பிரியப்படாது. அதனால் மாடிப்படிக்கு அடியில் ஒரு சாக்கு, ஒரு தண்ணீர்க் கிண்ணம். ஆள் இருக்கும்போது கயிற்றின் நுனி யார் இடுப்பிலாவது இருக்கட்டும். தரையை மோந்துகொண்டு வட்டம் போட்டால் உடனே தெரியும். நடுவில் பிடித்துவிட்டால் கத்தாமல், லேசாகக் கைதட்டி வெளியே கூட்டிப்போனால் போதும். முடிந்த பிறகு பார்த்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம், துடைக்க வேண்டியதுதான்.

மாலை ஆறேகால் மர்மம்!

ஏழாம் நாள். குமாஸ்தா நோட்டைப் புரட்டினார். காலைக் கணக்கில் வரவு ஏறியிருந்தது. ஆனால் தினமும் மாலை ஆறேகாலுக்கு ஒரு பற்று. தார்சாவில். கொஞ்சமே கொஞ்சம்.

ஆறேகாலுக்கு வீட்டுக்கு வருகிறவர் யார்? குமாஸ்தாவேதான்!

தலையில் ஹெல்மெட். தோளில் பை. கையில் டிபன் கேரியர். வாசலில் நின்று "மணி!" என்று அதட்டலாகக் கூப்பிட்டு, குனிந்து தலையைத் தடவுவார். நாய் காதை மடக்கி, உடம்பைத் தரையோடு ஒட்டி, அந்த இடத்திலேயே விட்டுவிடும்.

இது அசிங்கம் அல்ல. நாய்ப் பாஷையில் சரணாகதி! "நீங்க பெரியவர், என்னை ஒண்ணும் செய்யாதீங்க" என்று பொருள். இதற்குத் திட்டினால் சரணாகதி இரண்டு மடங்காகும்.

ஹெல்மெட்டை வெளியிலேயே கழற்றிவிட வேண்டும். நாயைப் பார்க்காமல் உள்ளே போய், பக்கவாட்டில் உட்கார வேண்டும். அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும். மேலே இருந்து தலையைத் தொடாமல், தாடைக்குக் கீழே விரலைக் கொடுக்கலாம். அதற்குள் ஐந்து நிமிஷம் போய்விடும். ஆபீசில் இருந்து வந்தவருக்கும் அந்த ஐந்து நிமிஷம் தேவைதான்.

எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு மட்டும் நடக்கிறதா? கதவைப் பூட்டிய அரைமணிக்குள்ளா? கதவையும் பிராண்டி வைத்திருக்கிறதா? அது தனிமைப் பயம். விட்டுவிட்டுப் போய்விட்டார்களோ என்று ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்ட நாய் நினைக்காதா? இரண்டு நிமிஷம் வெளியே போய் வருவது, பிறகு ஐந்து, பிறகு பத்து என்று கூட்டிக்கொண்டே போனால் "போனவர்கள் வருவார்கள்" என்று தெரிந்துகொள்ளும். புறப்படும்போது கட்டிப்பிடித்து விடைபெறுவது கூடாது. இந்த ஒன்று தீர மாதங்கள் ஆகலாம். முற்றிப்போனால் டாக்டரிடம் மருந்தும் உண்டு.

ஆண் நாய் காலைத் தூக்கி கிரைண்டர் காலிலும் பீரோ மூலையிலும் சொட்டுச் சொட்டாக விட்டால் அது வேறு. எல்லைக்கல் நடுகிறது! கருத்தடை செய்தால் பல நாய்களுக்குக் குறையும். எல்லாவற்றுக்கும் என்று சொல்ல முடியாது.

பினாயில் ஊற்றினால் போதுமா?

போதாது. நம் மூக்குக்கு வாடை போய்விடும். நாய் மூக்குக்குப் போகாது. வாடை இருக்கும் வரை அந்த இடம்தான் கழிப்பிடம். கருப்புப் பினாயில் காலில் ஒட்டி, நாய் காலை நக்கினால் உடம்புக்கும் கெடுதல். அமோனியா கலந்த சாமான்கள் அதைவிட மோசம். அந்த வாடையே மூத்திர வாடை போல இருக்கும்.

சோப்புத் தண்ணீரில் துடைத்து, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகர் விட்டுத் துடைத்துக் காயவிடலாம். பாய், மெத்தை என்றால் காய்ந்த பிறகு ஆப்பச்சோடா தூவி உதறலாம். நாய்ச் சாமான் விற்கும் கடைகளில் நொதி கலந்த திரவம் கிடைக்கிறது. அதுதான் சிறந்தது, விலைதான் கொஞ்சம் கூடுதல்.

எத்தனை நாள் ஆகும்? காப்பகக்காரர்கள் ஒரு வாய்க்கணக்கு வைத்திருக்கிறார்கள். பயம் தெளிய மூன்று நாள். வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம். "இது என் வீடு" என்ற எண்ணம் வர மூன்று மாதம். சில நாய் முன்னே பின்னே போகும். நடுவில் பத்து நாள் ஒழுங்காக இருந்துவிட்டு, பதினோராம் நாள் குக்கர் விசிலுக்குப் பயந்து பட்டாசலில் விட்டுவிடும். நோட்டை எடுத்து மறுபடி முதல் பக்கம்.

மணியின் கணக்கு நோட்டில் 23-ம் நாளுக்குப் பிறகு பற்று எதுவும் இல்லை.

ஐப்பசி மாதம். ராத்திரி இரண்டு மணி. மேற்கே பொதிகைப் பக்கம் இடி. மின்சாரம் போய்விட்டது. புறவாசல் கதவில் "பறட், பறட்" என்று சத்தம். திருடனோ என்று பயந்து அம்மா குமாஸ்தாவைத் தட்டினார். அவர் புரண்டு படுத்தார்.

எழுந்தது ஆச்சி. டார்ச்சை அடித்துப் பார்த்தார். கதவு முன்னால் மணி நின்றது. கதவைப் பார்த்தது, ஆச்சியைப் பார்த்தது, மறுபடி கதவைப் பார்த்தது.

ஆச்சி தாழ்ப்பாளை நீக்கினார். குடையை விரித்து நாய்க்கு மேலே பிடித்தார்.

"சீக்கிரம் போயிட்டு வா, ஏ மணி. ஆச்சிக்கு முட்டி வலிக்கி."